விளையாட்டுப் பெட்டியின் அலுமினியப் பலகை

என் தங்கை வாழ்க்கையில் என்னிடம் ஒரே ஓர் உதவிதான் கேட்டாள். அதை நான் செய்து கொடுத்தேன். செய்து கொடுத்த விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என் கைகளைப் பார்க்கப் பிடிப்பதில்லை.

எழுபதுகளின் பின்பாதி அது. புதுத் துறைமுகத்துக்கு வெளிநாட்டுக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. நான் ஊருக்குள் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். அதற்கு முன்பு ஆறு வருஷம் கடலில் கயிறு பிடித்தவன். சங்கு குளிக்க இறங்குகிறவரின் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனை வள்ளத்தில் நிற்பவன் கையில் இருக்கும். கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் எங்கள் கரையில் அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்தத் தம்பிகூட ஒரு கோபத்தில் அசட்டையாக இருந்துவிடலாம், ஆனால் தன் தங்கச்சி தாலியறுக்க எந்த மச்சானும் விடமாட்டான் என்பது நம்பிக்கை. அப்படித்தான் என் தங்கை புருஷனின் கயிறு என் கைக்கு வந்தது.

கயிறு பிடிக்கிறவனுக்கு ஒரு விதி உண்டு. சுண்டாமல் இழுக்கக் கூடாது. மாப்பிள்ளை இறங்கியதும் நான் மனசுக்குள் எண்ணத் தொடங்குவேன். கீழே அவரும் எண்ணிக்கொண்டிருப்பார். ஒருநாள் கயிறு ஏதோ பாறையில் மாட்டி விறைத்துக்கொண்டு நின்றது. நான் பயந்துபோய் இழுத்துவிட்டேன். அவர் பை நிறையச் சேர்த்திருந்த சங்கெல்லாம் கடலிலேயே கொட்டிப்போக, வெறுங்கையோடு மேலே வந்தார். வள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "மச்சானுக்கு மாப்பிள்ளைய விட்டுட்டு ஒரு நிமிசம் இருக்க முடியலடோய்" என்றான் ஒருவன். அன்று கரைக்கு வந்ததும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துச் சொன்னார்.

"மச்சான், நான் சுண்டுனாத்தான் நீரு இழுக்கணும். செத்தாலும் சுண்டிட்டுத்தான் சாவேன். சத்தியம் பண்ணும்."

சத்தியம் பண்ணினேன். மானம் போன கோபத்தில் இரண்டு தடவை பண்ணினேன்.

அதற்கு அடுத்த வருஷம் அவர் மேலே வந்தபோது இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வழிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை ஆழத்துக்குப் போனால் ஆள் திரும்பி வருவது சந்தேகம் என்று. இருந்த காதும் முக்கால்வாசி போய்விட்டது. நான் வள்ளத்தை விட்டு ரேடியோ கடைக்குப் போனேன். அவர் துறைமுகத்தில் சுமை தூக்கினார். கரையில் அவர் பாதி ஆளாகத்தான் இருந்தார். யார் என்ன சொன்னாலும் காதில் விழாது, விழாததை ஒத்துக்கொள்ளவும் மாட்டார். வீட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. ஏதோ ஒரு கப்பலில் மாலுமிகள் பொழுதுபோக்குக்கு வைத்திருந்த விளையாட்டுப் பெட்டி. ஆள் உயர மரப்பெட்டி, மேலே கண்ணாடிக்குப் பின்னால் டி.வி. திரை, இடுப்பு உயரத்தில் சாய்வான ஒரு பலகை. பலகையில் இரண்டு திருகுகள். திருகினால் திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் மேலும் கீழும் நகர்ந்து ஒரு வெள்ளைப் புள்ளியை அடித்து விளையாடும். எங்கள் ஊரில் டி.வி.யையே கண்ணால் கண்டவர்கள் குறைவு. கப்பலுக்குள் கடல்தண்ணீர் ஏறி அது ஓடாமல் போனதால் கழிவுச் சாமானோடு இறக்கிப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை தன்னிடம் இருந்த இரண்டு பெரிய சங்கைக் கொடுத்து அதை வாங்கி, நாலு பேர் தூக்க வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் நிறுத்திவிட்டார்.

மறுநாள் தங்கை கடைக்கே வந்துவிட்டாள். அவள் கடைப்பக்கம் வருகிறவள் இல்லை.

"அண்ணே, இந்த வருசம் சங்குக்கு எறங்குதேன்னு சம்மாட்டிகிட்ட பேரு குடுத்துட்டு வந்துட்டாரு" என்றாள். சம்மாட்டி என்பது வள்ளத்துக்குச் சொந்தக்காரர். "இந்தப் பெட்டி ஓடுச்சுன்னா திருவிழாவுல கடை போட்டு அதோட பொழைச்சுக்கிடுதேங்காரு. ஓடலைன்னா கடலாம். ஆளு பித்துப் புடிச்ச மாதிரி இருக்காரு."

"ஏளா, அது ரேடியோ இல்ல. நான் அதுக்குள்ள பாத்ததே இல்ல."

"பாத்துக்கிடுவ. எப்பிடியாவது அவரு கடல்ல எறங்காம பண்ணிரு. ஒன்ட்ட நான் வேற எதுவும் கேக்க மாட்டேன்."

எப்படியாவது என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தால், மேலே இருந்த மூளை தப்பியிருந்தது. தண்ணீர் அதுவரை ஏறவில்லை. கைப்பலகைதான் போயிருந்தது. பிளைவுட் ஊறி அப்பமாக உப்பி, திருகுகள் உப்பேறி அசையாமல் நின்றன. அடியில் இருந்த கனமான டிரான்ஸ்பார்மரும் செத்துப்போயிருந்தது. அது கப்பலுக்கென்று செய்த, இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும் ஜாதி. வெளிக் கரண்ட் நேராகப் பெட்டிக்குள் வராது. அதுபோல ஒன்று எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. ஜப்பான் டேப்ரிக்கார்டர்களுக்குப் போடுகிற ஒற்றைச் சுருள் டிரான்ஸ்பார்மரில் பெரிதாக ஒன்று கடையில் கிடந்தது. அதைப் போட்டேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. சுவரிலிருந்து வரும் இரண்டு வயரில் ஒன்று நேராகப் பெட்டியின் இரும்புச் சட்டம் வரை போய்விடும். பிளக்கை ஒரு பக்கமாகச் சொருகினால் ஒன்றும் இல்லை. திருப்பிச் சொருகினால் சட்டம் முழுக்கக் கரண்ட். அந்தக் காலத்து ரேடியோக்களிலும் பாதி அப்படித்தான். ரேடியோ மெக்கானிக்குகளுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. பிளக்கில் ஒரு பொட்டு, சுவர்ப் பலகையில் ஒரு பொட்டு வைத்துவிடுவோம். நானும் வள்ளத்துக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்டில் இரண்டு பொட்டு வைத்தேன்.

கைப்பலகைக்கு முதலில் புதுப் பிளைவுட்டில்தான் வெட்டினேன். திருகுக்கு ரேடியோ வால்யூம் கண்ட்ரோலைப் பொருத்தினேன். அங்கேதான் முதல் கோமாளித்தனம். வால்யூம் கண்ட்ரோல் முதல் பாதி ஊர்ந்து போகும், பிறகு ஒரே எகிறு எகிறும். திரையில் கோடு ஆமையாக நகர்ந்துவிட்டுத் திடீரென்று உச்சிக்குப் பாய்ந்தது. மாப்பிள்ளை வயிறு குலுங்கச் சிரித்தார். காது போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பழைய ரேடியோக்களின் டோன் கண்ட்ரோல்களைக் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் இரண்டு மட்டும் சீராக ஓடின. கைப்பிடிக் குமிழ்களை அவரே செய்தார். பூச்சியரித்து விலைபோகாத இரண்டு சங்கின் நுனியை அறுத்து, கல்லில் மணல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கினார். மூன்று நாள் அதே வேலை. தங்கை சமையலுக்கு நடுவே குசினியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பிறகு இரண்டாவது தொல்லை வந்தது. பலகைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே கோடுகள் நடுங்கின. கையை எடுத்தால் நின்றன. எங்கள் தொழிலில் இதற்கு மருந்து தெரியும். வயர்களை உலோகத்தால் மூடி, அந்த உலோகத்தைச் சட்டத்தோடு சேர்த்துவிட வேண்டும். பக்கத்து ஊரான ஏரலில் ஒரு பாத்திரக் கடையிலிருந்து ஒரு அலுமினியத் தகடு வாங்கிவந்து பிளைவுட்டின் மேல் பரப்பி, ஓரத்தை மடக்கி, ஒரு வயரால் சட்டத்தோடு இணைத்தேன். நடுக்கம் நின்றது. கோடுகள் கத்தியாக நின்றன. வெள்ளிபோல மின்னுகிற அந்தப் பலகையில் இரண்டு வெள்ளைச் சங்குக் குமிழ்கள். என் வாழ்நாளில் என் கை செய்த அழகான பொருள் அதுதான்.

அன்று மத்தியானம், சும்மா பார்ப்போமே என்று, பிளக்கைத் திருப்பிச் சொருகி அலுமினியத்தில் டெஸ்டரை வைத்தேன். டெஸ்டருக்குள் இருந்த சின்னக் குழல் சிவப்பாக எரிந்தது. கங்குபோல, அசையாமல் எரிந்தது. தங்கை பின்னால் நின்றிருந்தாள்.

"அது என்னண்ணே, செவப்பா?"

"ஒண்ணுமில்ல. கரண்டு வருதான்னு பாக்கேன்."

மாப்பிள்ளைக்கு விஷயத்தைச் சொன்னேன், முழுசாகச் சொல்லவில்லை. "பொட்டுக்குப் பொட்டு பாத்துச் சொருகணும் மாப்ள" என்று இரண்டு பொட்டையும் தொட்டுக் காட்டினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நான் கயிற்றைப் பிடித்தால் அவர் ஏன் என்று கேட்டதே கிடையாது.

தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடி பிளைவுட்டோடு விட்டிருக்கலாம். கோடு நடுங்கினால் நடுங்கட்டும் என்று இருந்திருக்கலாம். ஆனால் நான் அந்தப் பலகையின் அழகில் மயங்கியிருந்தேன். கெட்டிக்காரன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

திருவிழாக் கடை மாதா கோயிலுக்கு எதிர் மணலில். எங்கள் ஊரில் நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு குடம் மோதுகிற காலம், தூசி அடங்கத் தெளிப்பதற்கு நல்ல தண்ணீர் யார் தருவார்கள்? டிரம்மில் கடல்தண்ணீரைக் கொண்டுவந்து காலையும் மாலையும் மணலில் தெளிப்பார்கள். மணல் எப்போதும் உப்பும் ஈரமுமாகக் கிடக்கும். திருவிழா முடியும்வரை செருப்புப் போடுவதில்லை என்று பாதிச் சனம் நேர்ச்சை வைத்திருக்கும். மாப்பிள்ளையும் வைத்திருந்தார். பெட்டி ஓடியதற்காகத்தான் அந்த நேர்ச்சை. உப்பு ஈரத்தில் வெறுங்கால், மேலே அலுமினியம். அன்று எனக்குத் தோன்றவில்லையா என்றால், தோன்றியது. காலையில் பந்தல் சுவிட்சுப் பலகையிலும் ஒரு பொட்டு வைத்து, டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. பொட்டுக்குப் பொட்டு சரியாக இருந்தது. அதோடு மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நான் பெட்டிக்குப் பின்னால் படுதாவுக்குள் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் தொடங்கும் பொத்தான் பின்பக்கம் இருந்தது, பிளக்கும் அங்கேதான். முன்னால் மாப்பிள்ளை. நடுவில் பெட்டி, சுற்றிலும் ஒலிபெருக்கி இரைச்சல், போதாக்குறைக்கு அவருக்குக் காது கிடையாது. என்ன செய்வது? அவரே சிரித்துக்கொண்டு ஒரு கயிற்றை எடுத்து ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுமுனையை என் கையில் கொடுத்தார்.

"ஒரு சுண்டு சுண்டுனா ஆட்டத்தைத் தொடங்கும். ரெண்டு சுண்டுனா பிளக்கைப் புடுங்கிரும். பழசு மறந்து போச்சா மச்சான்?"

"நீரு சுண்டாம நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றேன். இருவரும் சிரித்தோம். கயிறு என் உள்ளங்கையில் பழைய தழும்பு இருந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தது.

முதல் இரண்டு நாள் கூட்டம் அலைமோதியது. சுண்டு வரும், பொத்தானை அமுக்குவேன், முன்னால் ஒரே கூச்சல் எழும். இரண்டாம் நாள் வரிசையில் சம்மாட்டியும் வந்து நின்று விளையாடிவிட்டுப் போனாராம். வள்ளத்துப் பட்டியலில் இருந்து என் பேரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன் என்று மாப்பிள்ளை படுதாவை விலக்கி வந்து என் காதருகில் கத்தினார். அவர் எப்போதும் கத்தித்தான் பேசுவார். அந்தச் சத்தத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிபோல மாலைத் தெளிப்பு முடிந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. எங்கேயோ பியூஸ் எரிந்துவிட்டதாம். பந்தல் எலக்ட்ரீஷியன் மூங்கிலில் ஏறி, எரிந்த வயர்களை வெட்டி, மறுபடி முறுக்கிச் சேர்த்தான். இரண்டும் ஒரே கறுப்பு வயர். எது எதோடு சேர்ந்தால் என்ன, விளக்கு எரிந்தால் சரி என்பது அவன் எண்ணம். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். விளக்குக்கு இரண்டும் ஒன்றுதான். பொட்டு வைத்தவன் நான். என் பொட்டு பிளக்கில் இருந்தது, ஆனால் கரண்டே பக்கம் மாறி வந்தது. டெஸ்டர் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. முன்னால் சனம் கத்திக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை.

விளக்கு வந்தது. திரை வெளிச்சம் படுதாவில் விழுந்தது. நான் சுண்டுக்காகக் காத்திருந்தேன்.

சுண்டு வரவில்லை. கயிறு விறைத்தது.

விறைத்தது என்றால் இழுத்த மாதிரி இல்லை. அவர் பெட்டியோடு அப்படியே ஒட்டி நிற்கிற மாதிரி ஒரே பிடியாக நின்றது. பிறகு கயிற்றில் ஒரு சின்ன நடுக்கம். உள்ளங்கையில் எறும்பு ஊர்கிற அளவுக்குத்தான். ஈரத் துணியால் பலகையைத் துடைக்கிறார் என்று நினைத்தேன். துடைத்துக்கொண்டுதான் இருந்தாராம். கயிறு விறைத்தால் என் மனசு தானாக எண்ணத் தொடங்கிவிடும், ஆறு வருஷப் பழக்கம் அது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழில் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. பத்தில் கை பிளக்குக்குப் போனது. சுண்டாமல் இழுக்கக் கூடாது. கொட்டிப்போன சங்கும், வள்ளத்துச் சிரிப்பும், நான் பண்ணின சத்தியமும் ஒன்றாக வந்து கையைப் பிடித்துக்கொண்டன. சுண்டினால்தானே? இரண்டு சுண்டு சுண்டட்டுமே? செத்தாலும் சுண்டிவிட்டுத்தான் சாவேன் என்றவர் ஆயிற்றே. பதினைந்து. பதினாறு.

பதினெட்டில் முன்னால் ஒரு பெண் "மாதாவே" என்று அலறினாள். பிளக்கைக் காலால் உதைத்தேன். பெட்டிக்கு அந்தப் பக்கம் ஆள் மணலில் விழுகிற சத்தம் கேட்டது. கயிறு என் கையில் தொளதொளவென்று ஆனது.

உயிர் இருந்தது. வலது உள்ளங்கை வெந்து, விரல்கள் உள்ளே சுருண்டிருந்தன. அவருக்குப் பின்னால் நின்ற வரிசையில் பாதிப்பேர் வெறுங்கால். அதை எண்ணிப் பார்க்க எனக்குப் பல நாள் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு ஒரு பக்கம் நான் நின்றேன், மறுபக்கம் தங்கை. அவள் அழவில்லை. என் கையைப் பார்த்தாள், கயிறு அறுத்த சிவப்புக் கோடு அதில் இருந்தது. சங்கு குளிகாரன் பெண்டாட்டி அவள். கயிறு பிடிக்கிறவன் எண்ணுவான் என்று அவளுக்குத் தெரியாதா?

"எத்தன எண்ணுனண்ணே?"

"அஞ்சு" என்றேன். வாய் சொன்னது போதாது என்று கை ஐந்து விரலையும் விரித்துக் காட்டியது. காது கேட்காத மாப்பிள்ளையோடு பேசிப் பேசி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்துவிட்ட பழக்கம் அது. அவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். என் விரல்களைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

புண் ஆறியது, விரல்கள் நிமிரவில்லை. சுருண்ட கையால் கயிற்றையும் பிடிக்க முடியாது, சங்கையும் பெயர்க்க முடியாது. எந்த வள்ளத்திலும் அவரை ஏற்ற மாட்டார்கள். ஒரு உப்பளத்தில் காவல் வேலைக்குப் போனார். கடைசிவரை அவர் கடலில் இறங்கவே இல்லை. தங்கை கேட்டது அதுதான். எப்படியாவது என்றாள், நடந்துவிட்டது. அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெட்டியைப் பிரித்து விறகுக்குக் கொடுத்தோம். அலுமினியப் பலகையை மட்டும் நான் கழற்றி எடுத்துக்கொண்டேன். அதில் அவர் கை இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வடு. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

கட்டுப் பிரித்து ஒரு மாதம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பாடு. தங்கை குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை என் தோளைத் தட்டினார். எப்போதும் கத்திப் பேசுகிறவர், அன்று வாயைத் திறக்கவில்லை. நல்ல கையான இடது கையை எனக்கு முன்னால் நீட்டி விரித்தார். ஐந்து. மூடி மறுபடி விரித்தார், பத்து. இன்னொரு தடவை, பதினைந்து. கடைசியாக மூன்று விரல்.

கீழே இருக்கிறவரும் எண்ணுவார் என்பது எனக்கு எப்படி மறந்துபோனது?

அவர் குசினிப் பக்கம் திரும்பி அவள் முதுகைப் பார்த்தார். பிறகு அந்தக் கையாலேயே ஒரு விரலை எடுத்துத் தன் உதட்டின் மேல் வைத்தார். நான் தலையாட்டினேன். தங்கை மீனைக் கொண்டுவந்து என் தட்டில்தான் முதலில் வைத்தாள்.